எந்த ஊர் வானத்துக்கு எழுதியது

அன்றைக்கு எஸ்டேட் ஆபீசில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசைக்குப் பின்னால் துரை. வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, அப்போதைய மானேஜர் மெட்ராஸ்காரர். ஆனாலும் எங்கள் வாய்க்கு அவர் துரைதான். அவருக்கு இடப்பக்கம், பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஹெட் கிளார்க். ஜன்னலோரம் யூனியன் செயலாளர், நனைந்த குடையைத் தரையில் விரித்து வைத்தபடி. கதவருகே செல்லம்மா, சிலோனிலிருந்து திரும்பி வந்து தொழிலாளர் வீட்டு வரிசைகளில் எங்கள் மூன்றாம் லைனில் குடியிருந்தவள், கொழுந்து எடுக்கிறவள். நடுவில், யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டு, எங்கள் ஃபேக்டரி டீமேக்கர், பச்சை இலையைத் தூளாக்கும் வேலை முழுவதற்கும் பொறுப்பானவர். ஆறாவது ஆள் நான். வெளியே யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எஞ்சின் ரூமில் வேலை. பெல்ட்டும் வால்வும் ஃபேக்டரிச் சங்கும் என் பொறுப்பு. காலையில் ஆறு மணிச் சங்கு, மத்தியானச் சங்கு, சாயங்காலச் சங்கு. ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே என் தலை சீக்கிரம் நரைத்தது என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள்.

மேசையின் மேல் ஒரு காகிதம் இருந்தது. “உத்தரவு இல்லாமல் சங்கு ஊதச் சொன்னதும், பதினொரு குடும்பங்களை ஃபேக்டரிக்குள் ஏற்றியதும் என் தவறு. இனிமேல் செய்ய மாட்டேன்.” அதன் அடியில் டீமேக்கர் கையெழுத்துப் போட்டால் அவர் வேலை தப்பும். போடாவிட்டால் வேலையும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. சாட்சியாக என் பெயரையும் ஹெட் கிளார்க் எழுதி, பக்கத்தில் புள்ளி வைத்திருந்தார்.

டீமேக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் அச்சடித்த எதைக் கொடுத்தாலும் அவர் செய்வதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். முன்பக்கம் பார்ப்பார். திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். பிறகு கேட்பார், “இது எந்த ஊர்ல எழுதுனது?” டானிக் பாட்டிலுக்கும் அதே கேள்வி, பிள்ளைகளின் வாய்ப்பாட்டுக்கும் அதே கேள்வி. “வாய்ப்பாடு எல்லா ஊருக்கும் ஒண்ணுதானுங்களே” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். “அது சரி, அதை மட்டும் உட்டர்லாம்” என்றார், ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி.

கோபிப் பக்கத்துக்காரர். மலையின் மேற்குப் பக்கம் மஞ்சூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுக் குன்னூருக்குக் கிழக்கே இருந்த எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தார். மஞ்சூரில் ஆடி மழைதான் மழை. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வருவதுதான் மழை. வந்த முதல் வருஷம் ஆடியில் எங்கள் வெயிலைப் பார்த்துவிட்டு, “ஒரே மலை, ரெண்டு வானம். இதுல மெட்ராஸ்ல உக்காந்துட்டு நீலகிரிக்கு மழைன்னு ரேடியோல சொல்றான். எந்தப் பக்கத்துக்குடா சொல்ற?” என்று ரேடியோவையே அதட்டினார்.

துரை புதிதாக வந்த சமயம் கேன்டீனைப் பார்வையிட வந்தார். துவரம்பருப்பு வேகாமல் கடக்கென்று இருந்தது. அரை மணி நேரத்தில் பருப்பு வேகும் என்று தனக்குத் தெரியும் என்றும், சமையற்காரர் விறகைத் திருடி விற்கிறார் என்றும் சத்தம் போட்டார். டீமேக்கர் ஃபேக்டரியில் இருந்து தெர்மாமீட்டரை எடுத்து வந்தார். தளதளவென்று கொதிக்கிற அண்டாவில் விட்டார்.

“கொதிக்குதுங்களா?”

“கொதிக்குது.”

“எவ்வளவு காட்டுது, நீங்களே படிங்க.”

துரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “தொண்ணூத்து நாலு.”

“மெட்ராஸ்ல நூறு காட்டும். இங்க மேல காத்து கம்மி, அமுக்கிப் புடிக்க ஆளில்ல. தண்ணி அவசரப்பட்டு எந்திரிச்சுருது, பருப்புக்குச் சூடு பத்தறதில்ல. அரை மணிங்கறது மெட்ராஸ் பருப்புக்குங்க. இவரு பாவம், ஒண்ணரை மணி விறகு எரிச்சும் வேகாம நிக்கறாரு.”

சமையற்காரருக்குப் பழி நீங்கியது. டீமேக்கர் மேல் துரை மனசில் முதல் கீறல் விழுந்ததும் அன்றைக்குத்தான். நான் இதை அப்போதே அவரிடம் சொன்னேன். “சார் மனசுல வச்சுக்குவாருங்க.” “வச்சுக்கட்டும், இடமிருக்குதில்ல” என்றார்.

இன்னொன்றும் அவருக்கு உண்டு. வாசனை. டீத்தூள் பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் குடித்துக்கொள்ளும். அதனால் ஃபேக்டரிக்குள் மல்லிகைப் பூ கூடாது, தேங்காயெண்ணெய் மினுமினுக்கிற தலை கூடாது, பீடி பிடித்த வாய் கூடாது. இலை வாட்டும் மாடிப் படியில் நின்று ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்து விடுவார். ஹெட் கிளார்க் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு வந்தபோது, “முதல்ல போயி தலையைக் கழுவிட்டு வாங்க, இல்லாட்டித் தலையை மட்டும் வெளிய வச்சுட்டு வாங்க” என்றார். துரையின் மனைவி சென்ட் போட்டுக்கொண்டு பார்க்க வந்தபோதுகூட வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்.

இப்போது அந்த வட்டப் பெட்டியைப் பற்றி. காற்றின் எடையைக் காட்டும் முள் வைத்த பித்தளைப் பெட்டி அது, பாரோமீட்டர் என்பார்கள். பழைய வெள்ளைக்காரத் துரை ஆபீஸ் சுவரில் மாட்டி விட்டுப் போனது. முள்ளைச் சுற்றி இங்கிலீஷில் எழுதியிருக்கும். புயல், மழை, மாறும், நல்ல வானம், வறட்சி என்று ஹெட் கிளார்க் எங்களுக்கு அர்த்தம் சொல்லியிருந்தார். காற்று கம்மியான எங்கள் உயரத்துக்கு அதன் முள் புயலையும் தாண்டிக் கீழே செத்துக் கிடந்தது. புது துரை குன்னூரில் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துப் பின்னால் இருக்கிற திருகைத் திருப்பச் சொன்னார். முள் எழுந்து வந்து ‘நல்ல வானம்’ மேல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அது அங்கேயேதான் இருந்தது.

துரை தினமும் அதைத் தட்டிப் பார்ப்பார். காலை பத்து மணிக்கு ஒரு மயிரிழை ஏறியிருக்கும். “ஏறுது” என்பார். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மயிரிழை இறங்கியிருக்கும். “விழுது” என்பார். டீமேக்கர் நாற்பது நாள் அதை நோட்டில் குறித்தார். வெயிலானாலும் மழையானாலும் பத்துக்கு ஏற்றம், நாலுக்கு இறக்கம். “இது வானம் பாக்கலீங்க, மணி பாக்குது” என்று துரையிடமே சொன்னார்.

பெட்டிக்காரன் அந்த வார்த்தைகளை எதற்காக எழுதினான் என்பது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. அவர் மகள் ஊட்டியில் காலேஜ் படித்தாள். அவளுடைய பூகோளப் புத்தகத்தில் ஒரே ஒரு பாடத்தை மட்டும் ஒரு மாதம் படித்தார். ஒருநாள் டீ சலிக்கும் அறையில் என்னைக் கூப்பிட்டார்.

மேசைமேல் ஒரு பக்கம் கறுப்புத் தூளையும் மறுபக்கம் கழித்துப் போடும் சிவப்பு நாரையும் பரப்பியிருந்தார். நடுவில் நேர்க்கோடு மாதிரி இரண்டும் தொட்டுக்கொண்டு நின்றன.

“கறுப்பு, வடக்க இருக்கற குளிர்காத்து. செவப்பு, தெக்க இருந்து வர்ற வெதுவெதுப்பான ஈரக்காத்து. அந்தச் சீமைப் பக்கமெல்லாம் ரெண்டும் இப்படித்தான் நூத்துக்கணக்கான மைல் பக்கத்துல பக்கத்துல நிக்கும். கலக்காது.”

“பங்காளிக வரப்பு மாதிரிங்களா?”

“அதேதான். வரப்புல ஒருத்தன் ஓரெடத்துல கொஞ்சம் முன்னால கால வைப்பானல்லோ, அங்கதான் ஆரம்பம்.” விரலால் சிவப்பு நாரை வடக்கே ஓர் இடத்தில் தள்ளினார். கோடு வளைந்தது. “செவப்பு இங்க வடக்க ஏறுது. உடனே கறுப்பு அதோட முதுகுப் பக்கமா, மேக்க இருந்து தெக்க எறங்குது.” இடது உள்ளங்கையால் கறுப்பைத் தள்ளினார். “பூமி சுத்தற சுத்துல இது அப்படியே சுழல ஆரம்பிக்குது. வளைவோட முனைதான் நடு. புயலுக்கு அது தொப்புளு.”

“மழை எங்கீங்க?”

“ரெண்டு எடத்துல. முன்னால வெதுவெதுப்புக் காத்து குளிர்காத்து மேல சாய்வா, மெதுவா ஏறுது. அங்க நாள் பூராச் சிணுசிணுன்னு தூறல். பின்னால குளிர்காத்து கடப்பாரை மாதிரி அடியில பூந்து அதைத் தூக்கிப் போடுது. அங்க இடி, படபடன்னு மழை. காத்து மேல போகப் போகக் கீழ பாரம் கொறையுது. முள்ளு விழுது. அதைப் பாத்துட்டுத்தான் ‘புயல்’னு எழுதி வச்சான். அவனுக்கு அது சரி.”

“அப்புறம்?”

“பின்னால வர்ற கறுப்புக்கு நடை ஜாஸ்தி. ஓடி வந்து முன்னால போற குளிரைப் புடிச்சுருது. நடுவுல மாட்டுன செவப்புக்குத் தரையில நிக்க எடமில்ல, மொத்தமா மேல தூக்கிருது.” இரண்டு கைகளாலும் கறுப்பைச் சேர்த்தார். சிவப்பு நார் மேலே குவிந்தது. “இனிச் சண்டைக்குக் கீழ ஆளில்ல. நாலஞ்சு நாள்ல புயல் தானாக் கரைஞ்சு போகும். பொறக்கறதுல இருந்து சாகறது வரைக்கும் மேக்க இருந்து கெழக்க நடந்துட்டே இருக்கும்.”

“நம்மூர்ப் புயலுங்க?”

“நம்மளதுக்குப் பங்காளியே கெடையாது. ஒரே காத்து. கடலோட சூட்டக் குடிச்சு வளர்றது. அது வேற சாதி.”

ஹெட் கிளார்க் வாசலில் வந்து நின்றார். “என்னங்க டீமேக்கர், முதல் தரத் தூளை நாரோட கலந்துட்டு இருக்கீங்க?”

“புயல் அடிச்சுருச்சுங்க. நட்டக் கணக்குல எழுதிக்கோங்க” என்றார் டீமேக்கர்.

அந்தக் கார்த்திகையில் கிழக்கு மழை மூன்று நாளாக விடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாக்குக் கொங்காடையைத் தலையில் போட்டுக்கொண்டு செல்லம்மா ஃபேக்டரி வாசலுக்கு வந்தாள். நாங்கள் லைன் என்பதை அவள் லயம் என்பாள், அறையைக் காம்பரா என்பாள்.

“ஐயா, எங்க லயத்துக் கதவு சாத்த முடியுதில்ல. நேத்துச் சாத்துச்சு. பக்கத்துக் காம்பராவுலயும் அப்படித்தான்.”

டீமேக்கர் குடையை எடுத்தார். நானும் பின்னால் போனேன், போகாமல் எஞ்சின் ரூமில் உட்கார்ந்திருந்தால் இன்னும் பயமாக இருக்கும் என்பதால். மூன்றாம் லைனில் பதினொரு வீடுகள். பின்னால் செங்குத்தான மண்சரிவு. நான்கு வீடுகளில் கதவு நிலையில் இடித்தது. சரிவின் அடியில் கசிந்துகொண்டிருந்த ஊற்று எப்போதும் தெளிவாக இருக்கும். அன்று செம்மண் கலந்து வந்தது. அவர் அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு நேரே ஆபீசுக்குப் போய், சரிவு வீடுகள் மேல் இறங்கலாம் என்று துரையிடம் சொன்னார்.

துரை பெட்டியைத் தட்டினார். “பாருங்க, முள்ளு அசையலை. நல்ல வானம்.”

“அது எந்த ஊர் வானத்துக்கு எழுதுனதுங்க? அந்த ஊர்ல மழைன்னா ரெண்டு காத்து சண்டை போடோணும், ஒண்ணு மேல ஏறோணும், முள்ளு விழோணும். இங்க கிழக்க இருந்து ஈரக்காத்து வந்து மலையில முட்டிட்டு நின்ன எடத்துல கொட்டுது. அதுக்கெல்லாம் முள்ளு அசையாதுங்க. கதவுதான் அசையும்.”

“மழையில கதவு உப்பும் மேன். மரம்தானே?”

“உப்பலாம். மண்ணு நகந்து நிலை கோணியும் இருக்கலாம். ஊத்துல செம்மண்ணு வருது, தண்ணி உப்பறதில்லீங்களே. மழை உடற வரைக்கும் அந்தப் பதினொரு ஊட்டுக்காரங்களையும் ஃபேக்டரி மாடியில வச்சுக்கறேன்.”

துரை சிரித்தே விட்டார். “யாரு, நீங்களா? பூ வச்ச பொம்பளையை உள்ள விடாத ஆளு நீங்க. ஆடு, கோழி, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் உங்க மாடிக்கு வரப் போகுதா? டீ என்ன ஆகும்னு எனக்கு நீங்கதானே கிளாஸ் எடுத்தீங்க? உத்தரவு கிடையாது. போங்க.”

டீமேக்கர் என்னோடு எஞ்சின் ரூமுக்கு வந்தார். “மாரப்பா, சங்க ஊது.”

“மணி ரெண்டரைங்க.”

“எனக்கும் வாட்ச் இருக்குது.”

“உத்தரவுங்க?”

“என்னுது.”

எனக்கு இரண்டு பிள்ளைகள். குவார்ட்டர்ஸ், ரேஷன், வீட்டுக்காரியின் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. என் கை பிடியின் மேல் இருந்தது, இழுக்கவில்லை. “நீ தள்ளு, நானே ஊதறேன். ஆனா நிறுத்தறதுக்கு எனக்குத் தெரியாது, அதை மட்டும் சொல்லிக் குடு” என்றார். அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இழுத்துவிட்டேன். மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

வந்தார்கள். நேரங்கெட்ட சங்கென்றால் ஆபத்து என்று தெரிந்து, பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு, ஆடுகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். படியில் டீமேக்கர் நின்றார். வழக்கமாக முகர்கிற அதே இடம். செல்லம்மா ஒரு தகர டப்பாவோடு தயங்கினாள்.

“ஐயா, இதுல கருவாடு. வெளிய வச்சிர்றேனுங்களா?”

அவர் முகம் ஒரு கணம் போன போக்கை நான் பார்த்தேன். “மழையில எதுக்கு வைக்கறீங்க, உள்ள கொண்டு போங்க” என்றார்.

இரண்டு நாள் இருந்தார்கள். மழை விட்டது. சரிவு விழவில்லை. தச்சர் வந்து கதவுகளை இழைத்தார், கதவுகள் சாத்திக்கொண்டன. அந்த இரண்டு நாள் டீயில் கருவாட்டு வாசம் இருக்கிறது என்றார் துரை. டீமேக்கர் தானே ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “இருக்குதுங்க” என்றார். பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் நாங்கள் ஆறு பேரும் ஆபீசில் இருந்தது.

“சரிவு விழுந்துச்சா?” என்று துரை கேட்டார்.

“இல்லீங்க.”

“அப்போ எதுக்குச் சங்கு?”

“விழுந்ததுக்கு அப்புறம் ஊதறதுக்கு வேற சங்கு இருக்குதுங்க” என்றார் டீமேக்கர். ஹெட் கிளார்க் இருமினார்.

துரை யூனியன் செயலாளரைப் பார்த்தார். அவர் குடையைப் பார்த்தார். “அவரு ஸ்டாஃபுங்க, தொழிலாளி இல்லீங்க. சங்குக்கும் எங்க சங்கத்துக்கும் சம்பந்தமில்லீங்க.”

பிறகு துரை செல்லம்மாவைக் கேட்டார். “உங்களை வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனாங்களா?”

“இல்லீங்க தொர. கூப்பிட்டாங்க, போனோம். நீங்க கூப்பிட்டிருந்தா உங்க பங்களாவுக்கும் வந்திருப்போம்.”

துரை காகிதத்தைத் தள்ளினார். டீமேக்கர் அதை எடுத்து முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார். ஹெட் கிளார்க்கின் கையிலிருந்த பேனாவை வாங்கினார். வாசம் பிடித்த டீக்குத் தான் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்தார். ‘தவறு’ என்பதை அடித்தார். ‘செய்ய மாட்டேன்’ என்பதையும் அடித்து, மேலே ‘செய்வேன்’ என்று எழுதினார். இனிமேல் செய்வேன் என்று ஆகிவிட்டது. நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். என் பக்கம் நகர்த்தாமல் காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“நீ போடாத மாரப்பா. நீ ஊதுனது என் உத்தரவுக்கு. உனக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல.”

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் வேலை போயிற்று. நான்காம் நாள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கூடலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரிக்குப் போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. என்னைச் சங்கிலிருந்து எடுத்து விறகு அடுக்கப் போட்டார்கள். அந்தச் சரிவு இன்றுவரை விழவில்லை, புல் முளைத்து நன்றாகவே இருக்கிறது. இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் கடைசியில் அதைத்தான் கேட்பார்கள், விழவில்லை என்றதும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர் செய்தது சரி. விழுந்திருந்தால் எவ்வளவு சரியோ அவ்வளவு சரி.

அன்றைக்கு அவர் கை காகிதத்தின் மேல் இருந்தது. நான் அதை அவர் விரல்களுக்கு அடியிலிருந்து இழுத்தேன். கொஞ்சம் கிழிந்தது. ஹெட் கிளார்க் வைத்த புள்ளிக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். எனக்கு எழுத்து வேகமாக வராது, ஐந்து பேரும் காத்திருந்தார்கள்.

“படிச்சுப் பார்த்துத்தான் போட்டியா?” என்றார் துரை.

“பார்த்தனுங்க.”

“அவர் எழுதினதுக்கு நீ சாட்சியா, இல்லை நீயும் அதையேதான் சொல்றியா? நாளைக்கு இன்னொருத்தர் வந்து ஊதச் சொன்னா?”

ஊதுவேன் என்று சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லப்பா, எழுதோணும்” என்றார் ஹெட் கிளார்க்.

சத்தமாகச் சொன்னேன்.